சிக்கன் லெட்டூஸ் ராப்: தண்ணீர் விடாமல் வீட்டில் செய்வது எப்படி?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு சீன உணவகத்தில் சிக்கன் லெட்டூஸ் ராப் சாப்பிட்டிருக்கிறார், அதாவது கொத்தி வதக்கிய கோழிக் கறியை லெட்டூஸ் என்ற பச்சைக் கீரை இலையில் சுற்றிச் சாப்பிடுவது. ஊர் திரும்பியதும் வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்தார். கறி தண்ணீர் விட்டுக்கொண்டது, இலை துவண்டு கையிலேயே கிழிந்தது, ருசியும் சிக்கன் பொடிமாஸைக் கீரையில் சுற்றித் தின்ற மாதிரி இருந்தது. ஹாய்சின் என்ற சீன இனிப்புச் சாஸ் கிடைக்காமல் தக்காளி சாஸ் ஊற்றியதுதான் காரணமா, அதற்குப் பதில் என்ன போடலாம், லெட்டூஸ் கிடைக்காத நாளில் முட்டைகோஸில் சுற்றலாமா என்று கேட்கிறார். கேள்வி சாஸைப் பற்றியது போலத் தெரிந்தாலும், நீங்கள் சொல்லும் முதல் இரண்டு குறையும் தண்ணீரால் வந்தவை. மூன்றாவதிலும் பாதிப் பங்கு தண்ணீருக்குத்தான். அதனால் தண்ணீரிலிருந்து தொடங்கி சாஸுக்கு வருகிறேன்.

நான் கேட்டரிங் படித்துவிட்டு ஹோட்டல்களில் சீனச் சமையல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது வீட்டில் சமைப்பவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கத்தி, அடுப்பு, கடாய் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்வேன். சுத்தம், உடல்நலம் பற்றி ஒரு சமையல்காரன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்வேன், அதற்கு மேல் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் சரி.

முதலில் இந்தப் பண்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பக்குவம் அதில்தான் இருக்கிறது. தென்சீனாவின் கான்டனீஸ் சமையலில் புறாக் கறியைப் பொடியாகக் கொத்தி, அதிக தீயில் வதக்கி, லெட்டூஸ் இலையில் வைத்துச் சாப்பிடுவது விருந்துப் பண்டம். சான் பிரான்சிஸ்கோவில் 1961-ல் 'தி மாண்டரின்' என்ற உணவகத்தைத் தொடங்கிய செசிலியா சியாங் அங்கே இந்தப் புறாக் கறியைப் பரிமாறினார். அவருடைய மகன் பிலிப் சியாங், பால் ஃபிளெமிங்குடன் சேர்ந்து 1993-ல் அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேலில் தொடங்கியதுதான் பி.எஃப். சாங்ஸ். அங்கே புறாவுக்குப் பதில் கோழி வந்தது. அமெரிக்காவில் இந்தப் பண்டம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக ஆனதில் அந்த உணவகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் சாப்பிட்டது எந்தக் கடை என்றாலும், அநேகமாக இந்த வழியில் வந்த சுவையாகத்தான் இருக்கும். கொரியாவிலும் வியட்நாமிலும் இலையில் சுற்றிச் சாப்பிடும் பழக்கம் தனியாக இருக்கிறது, லாவோஸின் லாப் கறியும் பச்சை இலைகளோடுதான் வரும். அவற்றின் சாஸும் பக்குவமும் வேறு. இணையத்தில் 'ஆசிய பாணி' என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுதியிருப்பார்கள், மீன் சாஸும் எலுமிச்சையும் ஹாய்சினும் ஒரே கடாயில் விழும். உங்களுக்கு வேண்டியது கான்டனீஸ் வழி. அதில் கறி உதிரியாக, பளபளப்பாக இருக்கும், சாஸ் கறியின் மேல் பூசியிருக்குமே தவிரக் கீழே தேங்காது. இலை சில்லென்று, காய்ந்து, மொறுமொறுப்பாக இருக்கும். சூடான உலர்ந்த கறி, குளிர்ந்த உலர்ந்த இலை, இந்த இரண்டும் வாயில் சந்திப்பதுதான் இதில் ருசியே.

இனி கோழி. பச்சைக் கோழிக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். சூடு அறுபது டிகிரியைத் தாண்டத் தாண்டக் கறியின் புரதம் சுருங்கி அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். இது எல்லாக் கடாயிலும் நடப்பது, தடுக்க முடியாது. ஆனால் நம் வீடுகளில் இதோடு இன்னொரு தண்ணீரும் சேர்கிறது. கடையில் கீமாவாக வாங்கிவந்து, வடிகட்டியில் போட்டு இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசுவோம். முழுத் துண்டில் தண்ணீர் மேலோடு நிற்கும், கீமாவிலோ ஒவ்வொரு துணுக்குக்கும் நடுவே புகுந்து உட்கார்ந்துவிடும், எவ்வளவு பிழிந்தாலும் வராது. நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீமாவைக் கழுவவே வேண்டாம். கழுவாமல் மனசு ஒப்பாது என்றால், எலும்பு நீக்கிய முழுத் துண்டாக வாங்கி, குழாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக முக்கி எடுங்கள். கோழியைக் கழுவுவதால் கிருமி போவதில்லை, தெறிக்கும் தண்ணீர்தான் அதை மேடைக்கும் பக்கத்துக் காய்க்கும் கொண்டுபோகிறது. இது நிரூபிக்கப்பட்ட விஷயம், அதனால்தான் பல நாடுகளில் கோழியைக் கழுவாதீர்கள் என்றே சொல்கிறார்கள். ஆனால் நம் ஊர்க் கடையில் மரக்கட்டையில் வெட்டித் தரும்போது எலும்புத் தூளும் இறகும் ஒட்டியிருக்கும், அதை எடுக்காமலும் விட முடியாது. அதனால்தான் பாத்திரத்தில் முக்கி எடுக்கச் சொல்கிறேன். பிறகு சமையலறைக் காகிதத்தால் நன்றாக ஒற்றி எடுத்து, கத்தியால் நீங்களே கொத்துங்கள்.

எந்தப் பகுதி என்றால், தொடை. கடைக்காரரிடம் தோல் நீக்கி எலும்பு எடுத்த தொடை என்று கேளுங்கள். நெஞ்சுக் கறியில் கொழுப்பு குறைவு, அதிக தீயில் சீக்கிரம் சக்கையாகிவிடும். தொடை கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கறி லேசாக இறுகி, கத்திக்கு வழுக்காது. முதலில் நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளாக, பிறகு குறுக்கே, கடைசியில் மொத்தமாகக் குவித்து இரண்டு மூன்று சுற்று கொத்தினால் போதும். பச்சைப் பட்டாணி அளவும் அதைவிடச் சின்னதுமாகக் கலந்து இருக்க வேண்டும். மெஷினில் அரைத்த கீமா மாவு போல நசுங்கியிருக்கும், அது கடாயில் கட்டிகட்டியாகச் சேர்ந்து பொடிமாஸ் பக்குவத்துக்குத்தான் போகும். பொடிமாஸ் மாதிரி ஆனதற்கு இது ஒரு காரணம். மிக்ஸியில் போடுவது இன்னும் மோசம்.

கொத்திய கறி 500 கிராம் என்றால், அதில் ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒன்றரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர், ஒரு டீஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிசறி கால் மணி நேரம் வையுங்கள். கார்ன்ஃப்ளோர் ஒவ்வொரு துணுக்கின் மேலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, கறி விடும் சாற்றைப் பிடித்து அங்கேயே பசையாக்கிவிடும். கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்ப்பதும் உண்டு. சோடா கறியின் காரத்தன்மையைக் கொஞ்சம் ஏற்றுவதால் புரதம் இறுகுவது குறைகிறது, தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. நெஞ்சுக் கறிதான் கிடைத்தது என்றால் போடுங்கள். தொடைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. கால் டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு மாதிரி ஒரு வாடை வரும், அதைப் பிறகு எந்தச் சாஸாலும் மறைக்க முடியாது. சீனர்கள் இதில் ஷாவ்ஷிங் என்ற அரிசி மதுவும் ஊற்றுவார்கள். வீட்டில் மது வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், இஞ்சியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் கவிச்சி தெரியாது.

அடுப்புக்கு வருவோம். இங்கேதான் வீட்டுச் சமையலும் ஹோட்டல் சமையலும் பிரிகின்றன. ஹோட்டலின் சீன அடுப்பு வீட்டு கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு சூடு தரும், கறி விடும் தண்ணீர் விட்ட கணத்திலேயே ஆவியாகிவிடும். வீட்டு அடுப்பில் அரைக் கிலோ கறியை ஒரே தடவையில் கொட்டினால் கடாயின் சூடு சட்டென்று இறங்கிவிடும், வந்த தண்ணீர் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். தண்ணீர் இருக்கும்வரை கடாய் நூறு டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து வாசம் வருவதற்கு நூற்று நாற்பது டிகிரியாவது வேண்டும். அப்படியானால் நீங்கள் வதக்கவில்லை, வேகவைத்திருக்கிறீர்கள். இதற்குக் காதைத்தான் நம்ப வேண்டும். கறி விழுந்ததும் சடசடவென்று உயர்ந்த சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கி, களகளவென்று கொதிக்கும் சத்தம் வந்தால் தண்ணீர் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் கறியை இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரும்புக் கடாயைப் பெரிய பர்னரில் வைத்து, மெல்லிய புகை எழும்வரை காயவிட்டு, கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றி, கறியைப் பரத்திப் போடுங்கள். போட்டதும் கிளறக் கை பரபரக்கும். ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடியில் பொன்னிறம் பிடித்த பிறகு தோசைத் திருப்பியால் புரட்டி, கட்டியாக இருப்பதை உடைத்துவிட்டு, இன்னொரு நிமிடம் விடுங்கள். முழுதாக வெந்திருக்க வேண்டியதில்லை, சாஸோடு இன்னொரு தடவை தீயில் ஏறும். எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கடாயை மறுபடி காயவிட்டு அடுத்த பங்கு. நான்ஸ்டிக் கடாய் இதற்கு வேண்டாம். அந்தப் பூச்சு இருநூற்று அறுபது டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும், வெறுங்கடாயாகப் புகையும் வரை காயவிடுவது அதற்கு ஆகாது. இரும்புக் கடாய் இல்லாதவர்கள் கனமான இரும்பு தோசைக்கல்லிலேயே செய்யலாம். அகலமாக இருப்பதால் ஆவி சீக்கிரம் போகும், கொஞ்சம் வெளியே சிந்தும், அவ்வளவுதான்.

காய்களில் முக்கியமானது வாட்டர் செஸ்ட்நட். உணவகத்தில் கறிக்கு நடுவே நறுக் நறுக்கென்று வெள்ளையாகக் கடிபட்டிருக்குமே, அதுதான். சேற்றுத் தண்ணீரில் வளரும் ஒரு கோரை வகையின் கிழங்கு. எவ்வளவு சமைத்தாலும், டின்னில் அடைத்தாலும்கூட அதன் மொறுமொறுப்பு போகாது, அதன் செல் சுவரின் அமைப்பு அப்படி. வட இந்தியாவில் சிங்காடா என்று விற்கும் கொம்பு வைத்த காயையும் ஆங்கிலத்தில் அதே பெயரால்தான் சொல்கிறார்கள். அது வேறு செடி, வெந்தால் மாவாகிவிடும். அதை வாங்கிப் போட்டு ஏமாறாதீர்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் டின் கிடைத்தால் வடித்து, அலசி, ஈரம் துடைத்துப் போடுங்கள். கிடைக்காவிட்டால் என் முதல் தேர்வு தாமரைக் கிழங்கு, அதுவும் வெந்த பிறகும் கடிபடும். அதுவும் இல்லையென்றால் இளசான நூல்கோல். தோலைத் தடிமனாகச் சீவி, பொடியாக நறுக்கி, கடைசி அரை நிமிடத்தில் போட வேண்டும். நூல்கோலின் லேசான இனிப்பு இந்தச் சாஸோடு நன்றாகவே சேரும். குடைமிளகாயும் கேரட்டும் பலர் போடுகிறார்கள். கேரட் பரவாயில்லை. குடைமிளகாய் தண்ணீர் விடும், அதன் வாசமும் கறியை மூடிவிடும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாள் போதும், வெள்ளைப் பகுதி தாளிக்க, பச்சைப் பகுதி இறக்கும்போது தூவ.

காளான் போடுவதானால் ஒரு கவனம். சீனர்கள் உலர்ந்த ஷீடாக்கே காளானை ஊறவைத்துப் பிழிந்து போடுவார்கள், வாசமே தனி. நம் கடையில் கிடைப்பது பட்டன் காளான், அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நூறு கிராம் காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் வெறும் கடாயில் முதலில் தனியாக வதக்குங்கள். தண்ணீர் விட்டு, அது வற்றி, காளான் சுருண்டு லேசாகச் சிவந்ததும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கறியோடு சேர்த்து வதக்கினால் மறுபடி பழைய கதைதான்.

இப்போது சாஸ். ஹாய்சின் என்பது புளிக்கவைத்த சோயாபீன்ஸ், சர்க்கரை, பூண்டு, வினிகர், எள், மசாலா சேர்ந்த கெட்டியான இனிப்புச் சாஸ். தக்காளி சாஸ் அதற்கு மாற்றே ஆகாது, அதில் புளிப்பு அதிகம், தண்ணீரும் அதிகம். மூன்றாவது குறையில் சாஸின் பங்கு இதுதான். கோவையிலும் சென்னையிலும் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் ஹாய்சின் கிடைக்கிறது, திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில் பல மாதம் இருக்கும். வாங்குவதே நல்லது என்பேன். வாங்க முடியாத நாளில் வீட்டில் இப்படிக் கலக்கலாம்: இரண்டு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டேபிள்ஸ்பூன் இனிப்பில்லாத வேர்க்கடலை வெண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் பொடித்த கருப்பட்டி, ஒரு டீஸ்பூன் வினிகர், துருவிய பூண்டு ஒரு பல், அன்னாசிப்பூவும் பட்டையும் கிராம்பும் சோம்பும் சேர்த்து வறுத்துப் பொடித்ததில் இரண்டு சிட்டிகை. இந்த நான்கோடு சிச்சுவான் மிளகும் சேர்ந்ததுதான் சீனர்களின் ஐந்து மசாலாப் பொடி, ஆக நம் அஞ்சறைப் பெட்டியிலேயே பெரும்பகுதி இருக்கிறது. இரண்டு சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள், போனால் சால்னா வாசம் வந்துவிடும். வேர்க்கடலை உண்மையான ஹாய்சினில் கிடையாது, கெட்டித்தன்மைக்காகச் சேர்ப்பது. இந்தக் கலவையில் இனிப்பும் வாசமும் வரும், புளித்த பயறின் ஆழம் முழுதாக வராது. ஜப்பானியர்களின் புளித்த சோயா விழுதான மிசோ கையில் இருந்தால் வேர்க்கடலைக்குப் பதில் அதைப் போடுங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சோயா சாஸ் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கம் படியுங்கள். சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது ஒரு வகை, புரதத்தை அமிலத்தால் சிதைத்து நிறமும் உப்பும் சேர்த்தது இன்னொரு வகை. இரண்டாவது வகை விலை குறைவு, நிறம் கன்னங்கரேல் என்றிருக்கும், நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். எந்த வகையானாலும் உப்பு அதிகம், ஆகவே இந்தப் பண்டத்தில் தனியாக உப்பே போட வேண்டாம். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் சோயாவின் அளவைப் பாதியாக்கி, பூண்டையும் இஞ்சியையும் கூட்டிக்கொள்ளலாம். ஆய்ஸ்டர் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்தால் நல்ல சுவை. 1888-ல் குவாங்டாங்கில் லீ கும் ஷியுங் என்பவர் சிப்பியை வேகவைத்த சாற்றிலிருந்து செய்து விற்கத் தொடங்கியது அது. சிப்பி, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் காளானில் செய்த வகையை வாங்கலாம். அஜினமோட்டோ? இவ்வளவு சாஸ் சேரும் இடத்தில் அது தேவைப்படாது, புளித்த சோயாவிலேயே அந்தச் சுவை இயற்கையாக இருக்கிறது. ஒரு சிட்டிகை போட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

நல்லெண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எள் எண்ணெய் என்று எழுதியிருக்கிறதே, நம் வீட்டில் இருக்கிறதே என்று செக்கு நல்லெண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள். சீனர்கள் எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்த பிறகு பிழிகிறார்கள், வறுக்கும்போது வரும் வாசம்தான் அந்த எண்ணெய். நம் செக்கில் எள்ளை வறுக்காமல், கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம், அதனால் வாசம் வேறு வழியில் போகிறது. வறுத்த எள் எண்ணெய் கிடைக்காவிட்டால், ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை எள்ளைச் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் போட்டு வெதுவெதுப்பாகச் சூடுபண்ணி அரைமணி ஊறவைத்து வடிகட்டுங்கள். ஏறக்குறைய அந்த வாசம் வந்துவிடும். எந்த எண்ணெயானாலும் அடுப்பை அணைத்த பிறகு ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். அதிக தீயில் அந்த வாசம் நிற்காது.

எல்லாம் தயாரானதும் கடைசிச் சுற்று இரண்டு நிமிட வேலை. இரண்டு டேபிள்ஸ்பூன் ஹாய்சின், ஒரு டேபிள்ஸ்பூன் ஆய்ஸ்டர் சாஸ், ஒரு டீஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர், ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர், இவற்றை ஒரு கிண்ணத்தில் முதலிலேயே கலந்து வைத்திருங்கள். காய்ந்த கடாயில் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு துண்டு, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, காரம் வேண்டுமென்றால் கிள்ளிய வரமிளகாய் இரண்டு, பத்து இருபது வினாடி. பிறகு கறி, காளான், வாட்டர் செஸ்ட்நட். எல்லாம் சூடேறி மறுபடி சடசடப்பு வந்த பிறகுதான் சாஸ். அதை நடுவில் கொட்டாமல் கடாயின் ஓரமாகச் சுற்றி ஊற்றினால், சூட்டில் பட்டவுடன் கொஞ்சம் கருகி வாசம் வரும். முப்பது வினாடியில் சாஸ் கறியில் ஒட்டிக்கொள்ளும். கரண்டியால் கறியை ஒரு பக்கம் ஒதுக்கிப் பாருங்கள், ஒதுக்கிய இடத்துக்குச் சாறு ஓடி வரக் கூடாது. வந்தால் இன்னும் அரை நிமிடம் தீயில் வையுங்கள். கோழிக் கீமாவின் உள்சூடு எழுபத்து நான்கு டிகிரி தொட வேண்டும், பொடியாக இருப்பதால் இந்த நேரத்துக்குள் அது தாராளமாக வந்திருக்கும். பெரிய துணுக்கு ஒன்றைப் பிய்த்துப் பார்த்து, நடுவில் இளஞ்சிவப்பு இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இலையை நான் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிடுவேன். ஐஸ்பெர்க் வகை வாங்குங்கள். நீலகிரியிலிருந்து வருவது கோவைக்காரர்களுக்குப் புதிதாகவே கிடைக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும், ஆனால் கல் போல இறுகியிருக்கக் கூடாது, இறுகியதில் இலைகள் பிரியாமல் கிழியும். தண்ணீரில் வளர்த்து வேரோடு விற்கும் பட்டர்ஹெட் வகை அழகான கிண்ணம் போல வரும், மென்மையானது, சூட்டைத் தாங்குவது குறைவு. ஐஸ்பெர்க்கின் தண்டுப் பகுதியைக் கீழே வைத்து மேடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் தண்டு உள்ளே உடைந்துவிடும், திருகினால் அப்படியே கழன்று வரும். அந்தக் குழிக்குள் குழாய்த் தண்ணீரை விடுங்கள். தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து இலைகளைத் தானாகப் பிரித்துவிடும், ஒன்றுகூடக் கிழியாது. வெளியே உள்ள இரண்டு இலைகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

பச்சையாகச் சாப்பிடுவதால் கழுவுவதில் சமரசம் கூடாது. ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள், கடைசி அலசலுக்குக் குடிக்கும் தண்ணீர். மண்ணும் கிருமியும் பெருமளவு இந்தத் தேய்ப்பில்தான் போகின்றன. உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினிகர் என்று பலர் சொல்கிறார்கள். வினிகர் கிருமியை ஓரளவு குறைக்கும், முழுதாக நீக்கும் என்று நம்பக் கூடாது. ஒட்டுண்ணிப் புழுக்களின் முட்டைகள் இவற்றுக்கெல்லாம் சாவதில்லை, சூட்டுக்குத்தான் சாகும். கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், ரொம்பச் சின்னக் குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இந்தக் கறியை வெந்த முட்டைகோஸ் இலையில் கொடுங்கள்.

கழுவிய இலைகளை ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். வாடிய செல்களுக்குள் தண்ணீர் ஏறி இலை விறைத்துக்கொள்ளும். நடு நரம்பை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். இதன் பிறகு செய்வதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்: துடைப்பது. செல்லுக்கு உள்ளே இருக்கும் தண்ணீர் மொறுமொறுப்பு, இலைக்கு மேலே இருக்கும் தண்ணீர் சாஸைக் கரைத்து மணிக்கட்டு வழியாக ஓடும். சுத்தமான வெள்ளை வேட்டித் துணியில் இலைகளைப் பரப்பிச் சுருட்டி, ஃப்ரிட்ஜில் அரைமணி வையுங்கள். பரிமாறும்போது விரலால் தடவினால் ஈரம் ஒட்டக் கூடாது. வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி பக்கத்தில் லெட்டூஸை வைக்காதீர்கள், பழங்கள் விடும் எத்திலீன் வாயுவால் இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழும்.

முட்டைகோஸ் பற்றிக் கேட்டீர்கள். சுற்றலாம். பச்சை இலையை அப்படியே மடித்தால் உடையும், ஆகவே கொதிக்கும் தண்ணீரில் முக்கால் நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் மாற்றி, துடைத்து, தடிமனான நரம்பைக் கத்தியால் சீவிவிடுங்கள். மொறுமொறுப்புக்குப் பதில் மிருதுவான இனிப்பு வரும், அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் நீங்கள் அங்கே சாப்பிட்ட அனுபவம் வராது. மொறுமொறுப்புதான் வேண்டும் என்றால் சின்ன முட்டைகோஸின் உள்ளிலைகளைக் கிண்ணமாக வைத்து, மடிக்காமல் அள்ளிச் சாப்பிடுங்கள். வெற்றிலையில் சுற்றலாமா என்று வகுப்பில் எப்போதும் யாராவது கேட்பார்கள். தாய்லாந்தில் மியாங் கம் என்று இலையில் மடிக்கும் ஒரு பண்டம் உண்டு, அதில் பயன்படுவது வெற்றிலைக்கு உறவான வேறு ஒரு காட்டிலை, காரம் குறைவு. நம் வெற்றிலையின் காரத்தில் ஹாய்சின் காணாமல் போய்விடும்.

பரிமாறும்போது நீங்களே சுற்றி அடுக்கி வைக்காதீர்கள். கறி ஒரு தட்டில், இலை ஒரு தட்டில், சாப்பிடுபவர் சுற்றிக்கொள்ளட்டும். சூடு பட்ட இலை ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். கறியின் அடியில் பொரித்த அரிசி நூடுல்ஸ் பரப்புவது வழக்கம். ஊறவைக்காத மெல்லிய சீன அரிசி நூடுல்ஸை நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டால் வடகம் போல இரண்டு மூன்று வினாடியில் வெள்ளையாகப் பொரிந்துவிடும். எண்ணெய் காய்ந்ததா என்று ஒரே ஒரு இழையைப் போட்டுப் பாருங்கள், பொரியாமல் அடியில் கிடந்தால் இன்னும் காய வேண்டும். கறி கொஞ்சம் சாறு விட்டாலும் நூடுல்ஸ் அதை உறிஞ்சிக்கொள்ளும், உங்கள் அடுப்புக்கு இது நல்ல பாதுகாப்பு. பேரப்பிள்ளைக்குச் செய்தால் வரமிளகாயை விட்டுவிட்டு, பெரியவர்களுக்கு மட்டும் சோயா, வினிகர், நறுக்கிய பச்சை மிளகாய் கலந்து தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இந்த அளவு நான்கு பேருக்கு முதல் பண்டமாகப் போதும், இரவுச் சாப்பாடே இதுதான் என்றால் இரண்டு மூன்று பேருக்கு வரும். மிச்சமான கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்த இரண்டு நாளில் காய்ந்த கடாயில் நன்றாகச் சூடுபடுத்திச் சாப்பிடலாம். மைக்ரோவேவில் சூடுபடுத்தினால் கறி மறுபடி தண்ணீர் விடும், அந்தக் கறியை இலையில் வைக்காமல் சுடுசோற்றில் பிசைந்துகொள்ளுங்கள்.